ஈட் கேட்ட பண்டிதர்

வேல்ஸ் நாட்டில் மாடோக் என்றொரு விவசாயி இருந்தான். வருஷத்துக்கு ஒரு மூட்டை ‘ஈட்’ அளக்காவிட்டால் அவன் நிலம் அந்த ஊர்த் துரைக்குப் போய்விடும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. ஈட் என்றால் அந்த ஊர் மொழியில் தானியம், அவ்வளவுதான்.

ஆனால் துரையின் பண்டிதர் இருக்கிறாரே, மகா கர்வி! மாடோக் கோதுமை கொண்டுவந்தான். “இது கோதுமை, ஈட் எங்கே?” என்றார். ஓடிப்போய் பார்லி கொண்டுவந்தான். “இது பார்லி, ஈட் எங்கே? சாயங்காலத்துக்குள் வராவிட்டால் நிலம் போச்சு!”

பார்த்துக்கொண்டிருந்த துரை வீட்டுச் சமையல்காரி நெஸ்டா பண்டிதரிடம் கேட்டாள்: “அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ஐயா?”

“ஆதியில் அதற்கு உணவு என்று அர்த்தம். உனக்கென்ன தெரியும்? பசிக்கிறது, போய் உணவு கொண்டு வா!”

துரையின் கண்ணெதிரே மூடிய தட்டு வந்தது. பண்டிதர் ஆவலாகத் திறந்தார். காலி!

“எங்கே உணவு?”

“அடுப்படியில ரொட்டி இருக்கு, அது ரொட்டி. கறி இருக்கு, அது கறி. உணவை மட்டும் காணோம், ஐயா!”

“அறிவு கெட்டவளே, ரொட்டியும் உணவுதான்! கொண்டு வா!”

“இதோ கொண்டு வர்றேன். அப்போ கோதுமையும் ஈட்தானே?”

துரை விழுந்து விழுந்து சிரித்தார். கோதுமை மூட்டையைப் பண்டிதர் தலையிலேயே ஏற்றிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவைத்தார்!