சித்திரையில் பிறந்த மார்கழி

சிறு விதைக்குள் பெருங்கொடியை ஒளித்து வைத்து, பருவம் வந்த பின்னரே அதனை வெளியே அழைக்கும் எம்பெருமானின் திருவடிகளைத் தலைமேல் கொண்டு இக்கதையைத் தொடங்குகிறேன்.

முன்னொரு காலத்தில் தேன்கரை நாட்டை நறுமுடி மாறன் என்னும் அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் நாக்கு கேட்டது அந்தக் கணமே இலைக்கு வந்தாக வேண்டும். தை மாதத்தில் உண்ட அவரைக்காய்ப் பொரியலின் நினைவு, அவனுக்குக் கொதிக்கும் சித்திரை நண்பகலில் வந்தது.

"அவரைக்காய் எங்கே?" என்றான்.

மடைப்பள்ளித் தலைவர் கை கட்டி, "அரசே, அதன் பருவம் போய்விட்டது" என்றார்.

அருகில் நின்ற வல்லபராயர் நகைத்தார். அரசனின் மனம் அறிந்து பேசியே உயர்ந்தவர் அவர். "பருவமா! அரசர் ஆணையிட்டால் பருவமும் ஒரு குடிமகன்தானே? வீடுதோறும் கொல்லையில் அவரை விதைக்கச் சொல்லுங்கள். ஆனி முடிவதற்குள் எந்தப் பந்தலில் காய் தொங்கவில்லையோ, அந்தக் கொல்லை அரண்மனையைச் சேரட்டும். அவற்றைப் பேணும் சிரமத்தை அடியேன் ஏற்கிறேன்."

அரசன் மகிழ்ந்தான். முரசு அறைந்தாயிற்று.

ராயரின் மாளிகையை ஒட்டி உலகம்மை என்பவளின் கொல்லை இருந்தது. பெருமாளுக்கு அன்றாடம் சாத்தும் மாலைக்கு அங்கிருந்துதான் பூ போயிற்று. ராயருக்கோ அவ்விடத்தில் குதிரைலாயம் கட்ட நெடுநாள் ஆசை. முரசொலி கேட்ட உலகம்மை, நேரே அமைச்சர் ஆராவமுதரின் வாயிலுக்கு வந்து நின்றாள்.

"இப்போது விதைத்தால் கொடி கூரையேறும் சுவாமி, பூ ஒன்று வைக்காது. பனி விழாமல் அவரை பூத்ததுண்டா? என் கொல்லை போனால் போகட்டும். பெருமாள் கழுத்து வெறுமையாக இருக்கலாமா?"

ஆராவமுதர் புன்னகைத்தார். "போய் உன் செடிகளுக்கு நீர் விடு அம்மா. ராயரின் வாக்கை நான் அப்படியே நிறைவேற்றப் போகிறேன்."

மறுநாள் அவையில் அவர் எழுந்து வணங்கினார். "அரசே, தங்கள் ஆணையில் ஒரு குறை. அவரைக்கொடி மார்கழிப் பனியைக் கண்டு பூப்பது. மார்கழியை வரச் சொல்லாமல், பூவை மட்டும் வரச் சொன்னால் எப்படி? பருவம் தங்கள் குடிமகன் என்கிறார் ராயர். நாளை முதல் மார்கழி என்று ஆணையிட்டுவிடுங்கள்."

அரசன் திரும்பிப் பார்த்தான். "என்ன ராயரே?"

சொன்ன சொல்லை விழுங்க வழியில்லை. "ஆ... ஆகா! அப்படியே செய்யலாம் அரசே" என்றார் ராயர்.

மறுநாள் விடியுமுன் அரண்மனையில் சங்கு ஊதிற்று. எல்லோரும் குளத்தில் நீராடினர். "மார்கழி இன்பமாகத்தான் இருக்கிறது!" என்றார் ராயர். கரையேறியதும் அவர் தோளில் முரட்டுக் கம்பளி ஒன்று விழுந்தது. அவையில் நான்கு மூலையிலும் கணப்புச் சட்டிகள் கனன்றன. மிளகும் நெய்யுமாய்ப் பொங்கல் ஆவி பறந்தது. சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். "பனிக்காற்று ஆகாது" என்றார் ஆராவமுதர், பற்கள் கிட்டுவதுபோல் நடித்தபடி.

கதிரவன் ஏறினான். அரசனின் நெற்றியில் வியர்வை வழிந்தது. விளையாட்டாகக் கம்பளி போர்த்தியவன் அதைத் தளர்த்திக்கொண்டான்.

"புழுங்குகிறதோ ராயரே?" என்று கேட்டான்.

"இல்லை அரசே... நல்ல குளிர்" என்றார் ராயர். மீசை நுனியிலிருந்து வியர்வை பொங்கலில் சொட்டியது.

"ஐயோ, ராயர் நடுங்குகிறாரே! இன்னொரு கம்பளி கொண்டு வாருங்கள்" என்று அமைச்சர் குரல் கொடுத்தார். இரண்டாவது வந்தது. "கணப்பை அவர் பக்கம் தள்ளுங்கள்" என்றார். மூன்றாவது கம்பளியைக் கண்டதும் ராயர் துள்ளி எழுந்து, எல்லாவற்றையும் உதறி எறிந்தார்.

"பொறுத்தருள வேண்டும் அரசே! வேகிறேன்! யார் ஆணையிட்டாலும் சித்திரை வெயில் கேட்குமா?"

ஆராவமுதர் மெல்லச் சொன்னார்: "அரசே, தங்களுக்கு அஞ்சுகிறவர் ராயர், தங்களை மகிழ்விக்கப் பேசுகிறவர். அவராலேயே ஒரு காலைப்பொழுது சித்திரையை மார்கழியாக்க முடியவில்லை. அச்சமும் முகத்துதியும் அறியாத அவரைக்கொடி என்ன செய்யும்? அது ஒருவன் ஆணைக்குத்தான் பூக்கும். அவன் கோயிலில் இருக்கிறான்."

அரசன் தன் கம்பளியையும் எறிந்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "சன்னலைத் திறவுங்கள்! ஆணையைத் திரும்பப் பெற்றேன். இப்போது என்னதான் விதைப்பது அமைச்சரே?"

"வெயிலைத் தாங்கும் வெண்டையும் கொத்தவரையும் கீரையும் போதும். வேலியோரம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைக்கச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவிய நீருக்கே அவை நன்றியோடு பூக்கும். அவரைக்கு ஆடி வரட்டும்."

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஆடியில் முதல் விதையைத் தங்கள் கையால் உலகம்மையின் கொல்லையில் ஊன்ற வேண்டும். அதுவே போதும்."

"ஊன்றுவேன். பந்தல் கட்டுவதும் நீர் இறைப்பதும் ராயர் வேலை. கொல்லைகளைப் பேணும் சிரமத்தை அவர்தானே ஏற்றார்!"

அவ்வாறே நடந்தது. தை பிறந்ததும் பந்தல் கொள்ளாமல் காய் தொங்கிற்று. முதற்காய் பெருமாளின் தளிகைப் படையலுக்குப் போயிற்று. அடுத்தது அரசனின் இலைக்கு. காத்திருந்து உண்டதாலோ என்னவோ, இத்தனை சுவை இதற்குமுன் கண்டதில்லை என்றான் அரசன்.

காய் பறிக்க விடியலில் வந்த ராயர், பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெய்யாகவே நடுங்கினார்.

"இன்னொன்று கொண்டு வரட்டுமா ராயரே?" என்றாள் உலகம்மை.

ராயரும் சிரித்துவிட்டார்.

இக்கதையைச் செவிமடுத்தோர் கொல்லையில் ஊன்றிய விதை பழுதாகாது முளைக்கட்டும். அவர்கள் பந்தலில் உரிய காலத்தே பூவும் காயும் குலுங்கட்டும். அதுவரை காத்திருக்கும் பொறுமையையும் எம்பெருமான் அவர்களுக்கு அருளட்டும்.