கரையில் காய்த்த பூசணி

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. சுரங்கத்துக்குக் கீழே ஒரு மண்கரை இருந்தது. ராஜாவை விடுங்கள், தங்கத்தையும் விடுங்கள். நம் கதை அந்தக் கரையைப் பற்றியது.

தங்கப் பாறையை இடித்துப் பொடியாக்கி, சுனைநீரில் அலசினால் ஒரு சிட்டிகைத் தங்கம் கிடைக்கும், ஒரு வண்டிச் சாம்பல் நிறச் சேறு மிஞ்சும். அந்தச் சேற்றுத் தண்ணீரை ஒரு பள்ளத்தில் விட்டு, பள்ளத்தின் வாயை மண்கரை போட்டு அடைத்திருந்தார்கள். கரைக்குக் கீழே குயவர் குடியிருப்பு. கரை நின்றால்தான் குடியிருப்பு நிற்கும்.

கரைக்காவலன் பெயர் கொற்றன். நல்ல மனிதன்தான், கொஞ்சம் பெருமை பிடித்தவன். மகள் நல்லினியை அந்தக் குடியிருப்பில்தான் கட்டிக்கொடுத்திருந்தான். தினமும் கரையின் மேலே நடக்க வேண்டும், சரிவில் நடக்க வேண்டும், அடியில் நடக்க வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. முதலில் மூன்றும் நடந்தான். பிறகு மேலே மட்டும் நடந்தான். அதற்கும் பிறகு வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்து, கண்ணாலேயே நடந்தான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடந்தபோது, கரையின் அடிச்சரிவில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று நின்றது. கொற்றனுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் என் கைராசி!" என்று பூசணி விதையை ஊன்றினான்.

தண்ணீர் ஊற்றாமலே கொடி வீசியது. நல்லினி வந்து பார்த்தாள்.

"அப்பா, இங்க மண்ணு சொதசொதன்னு இருக்கே?"

"பூமாதேவிக்கு மனசு குளிர்ந்திருக்கும்மா."

தண்ணீர் ஊற்றாமலே பூத்தது. வேரடியில் கண்ணாடி மாதிரி ஓர் ஊற்றும் கசிந்தது.

"அப்பா, ஊத்து வருதே?"

"வரட்டுமே! குடத்தைக் கொண்டாந்து பிடிச்சுக்கோ. குயவன் பெண்டாட்டிக்குக் குடத்துக்கா பஞ்சம்?"

தண்ணீர் ஊற்றாமலே காய்த்தது. காய் என்றால் சாதாரணக் காயா? ஓர் ஆள் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய காய்!

அந்த நேரம் பார்த்து ராஜா முரசு அறைவித்தார். இந்த வறட்சியிலும் செழிப்பாக ஒரு காய் விளைவித்தவருக்கு, தம் கையிலிருக்கும் பொற்காப்பையே கழற்றித் தருவாராம். கொற்றன் மீசையை முறுக்கிக்கொண்டு, பூசணியைத் தலையில் ஏற்றிக் கிளம்பினான். வழியில் நல்லினி மறித்தாள்.

"அப்பா, தண்ணி இன்னைக்குக் கலங்கலா வருது. குடத்தடியில சாம்பக் கலர்ல சேறு தங்குது."

"ஓடுற தண்ணி கலங்கத்தான் செய்யும். நேரமாச்சு, வழியை விடு தாயி."

அரண்மனையில் பூசணியைப் பார்த்து ராஜா அசந்துபோனார். காப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இது கிணற்று நீரில் விளைந்ததா?"

"கிணறு இல்லை மகாராஜா."

"ஆற்று நீரா?"

"ஆறு வற்றிப்போச்சு மகாராஜா."

"அப்படியானால் எந்த நீர்? சொல், எல்லா உழவர்களுக்கும் அதையே திருப்பிவிடுவோம்!"

கைராசி என்று சொல்லத்தான் கொற்றன் வாயைத் திறந்தான். அப்போதுதான் ராஜா கேட்ட கேள்வி அவனுக்கே உறைத்தது. மழை இல்லை, கிணறு இல்லை, ஆறும் இல்லை. அந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஒன்றே ஒன்றுதான், அது கரைக்கு அப்பால் அடைபட்டுக் கிடக்க வேண்டிய தண்ணீர். சாம்பல் சேறு என்றாளே மகள்! அப்படியென்றால் கசிவு கரையின் வயிற்றை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது.

கைராசி என்று சொன்னால் காப்பு கிடைக்கும். உண்மையைச் சொன்னால் வேலை போகும், மானம் போகும், தலைகூடப் போகலாம். ஆனால் நல்லினி இந்நேரம் அந்த ஊற்றில்தான் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"கரைத் தண்ணி மகாராஜா!" என்று அலறினான். "நான் காவல் பார்க்கவே இல்லை. கரை உள்ளுக்குள்ள அரிச்சுப்போச்சு. முதல்ல குதிரைகளை அனுப்புங்க, அப்புறம் என்னைக் கொல்லுங்க!" பூசணி கைநழுவி விழுந்து சபையெல்லாம் சிதறியது.

குதிரைகள் பறந்தன. குயவர்கள் பிள்ளைகளோடும் ஆடுகளோடும் மேட்டில் ஏறினார்கள். நல்லினி கடைசியாக ஏறினாள், இடுப்பில் குடம், வாயில் அப்பனுக்கு வசவு. பொழுது சாய்வதற்குள் பூசணிக்கொடி சரிந்தது, அதன் பின்னாலேயே கரை சரிந்தது. சேறு வந்து சூளைகளை மூடியது, வீடுகளை மூடியது. உயிர் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. கொற்றன் மகளின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதான்.

ராஜா குயவர்களுக்கு மேட்டிலேயே வீடு கட்டிக்கொடுத்தார். அடியில் மணலும் கல்லும் இட்டுப் புதுக்கரை போட்டார். கொற்றனுக்குக் காப்பு கிடைக்கவில்லை, காவல் மட்டும் திரும்பக் கிடைத்தது. "இவனைப்போலப் பயந்தவன் வேறு எவன் இருக்கிறான்? இவனே பார்க்கட்டும். ஆனால் இவன் வீடு கரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும்" என்றார் ராஜா.

அதற்குப் பிறகு கோடை வந்தால் ஊரே பச்சையைத் தேடி அலையும். கொற்றன் மட்டும் கரையடியில் ஒரு புல் பச்சையாகத் தெரிந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு ஓடுவான். மகள் பூசணிக்கூட்டு கொண்டுவந்தால், "எந்தத் தண்ணியில விளைஞ்சது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

கேட்டீர்களா? காரணம் தெரியாமல் வரும் நன்மை எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காதவன், தன்னைத் தேடி வரும் கேட்டையும் அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொள்வான்.