சபைக்கு வந்த பஞ்சாரம்

முன்னொரு காலத்தில், பேர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பேர் சொல்லாத ஒரு நாட்டில், ஓர் அரசன் கோழி வளர்க்க ஆசைப்பட்டான். யானையும் குதிரையும் அலுத்துவிட்டனவாம். அரண்மனைக் கொல்லையில் பன்னிரண்டு கோழிகள் வந்து இறங்கின. அன்றே சண்டை. ஒரு செவலைக் கோழி மற்றவற்றை விரட்டி விரட்டிக் கொத்தியது. அதைப் பார்த்து மற்றவையும் கொத்தப் பழகின. பாவம், ஒரு சாம்பல் கோழிக்குக் கழுத்தில் இறகே மிஞ்சவில்லை.

அரசன் மனம் நொந்து சபையில் கேட்டான்: "இதை நிறுத்த வல்லவர் யார்?"

தலைமை அமைச்சர் வச்சிரநாதர் காத்திருந்தவர்போல எழுந்தார். "அரசே, விகடகவி அம்பலக்கூத்தனை விடச் சமர்த்தர் உண்டா? பத்து நாள் கொடுங்கள். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். பத்தாம் நாள் முதல் இந்த அரண்மனைக்குள் வலியது மெலியதை வதைக்கக் கூடாது!"

அம்பலக்கூத்தன் கொல்லைக்குப் போய்க் கோழிகளைப் பார்த்தான். வாய் ஒன்றுதான் அவன் சொத்து. கோழியிடம் அது என்ன செய்யும்? அந்த வாயையும் வச்சிரநாதர் அடைத்து ஆறு மாதமாகிறது. அவன் கதை சொல்லத் தொடங்கினால் பாதியில் ஏளனம் செய்வார். சபையே சேர்ந்து சிரிக்கும். ஒரு கதையையும் அவன் முடித்ததில்லை.

சாம்பல் கோழியைப் பிடித்து மஞ்சள் பூசி, பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துக் காப்பாற்றினான். வெளியே விட்டதும் மற்றவை இரண்டு மடங்காகப் பாய்ந்தன. மறுபடி கவிழ்த்தான்; மறுபடி ரத்தம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து அழுதேவிட்டான்.

"பூவாயி, மூட்டையைக் கட்டு. இந்த வயசுல எந்த ஊர்ல போய் நிக்கிறதுன்னு தெரியலை."

அவன் மனைவி முறைத்தாள். "அடிபட்டதைப் போய் அடைச்சு வெக்கிறீங்களே, இது என்ன நியாயம்? அடிக்கிறதை அடைங்க. அஞ்சு நாள் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு கெடந்தா, திரும்பி வர்றப்ப அதுதான் புதுசு; புதுசு ஒதுங்கித்தான் நிக்கும்."

நம்பிக்கையே இல்லாமல்தான் செவலையைக் கவிழ்த்தான். முன்நின்று கொத்த அது இல்லாததால் மற்றவையும் மெல்லக் கொத்துவதை விட்டன. பத்தாம் நாள் காலையில் கூடையைத் தூக்கினான். மற்ற கோழிகள் தலை நிமிர்ந்து பார்த்தன; அவ்வளவுதான். செவலை ஓரமாக ஒதுங்கிச் சிந்திய தவிட்டைப் பொறுக்கியது.

சபையில் வச்சிரநாதர் விடவில்லை. "கோழி மேய்ப்பவனுக்கு இங்கே என்ன வேலை, அரசே?" எல்லோரும் சிரித்தார்கள்.

அம்பலக்கூத்தன் வெளியே போய், ஆள் உயரப் பஞ்சாரம் ஒன்றை உருட்டி வந்தான்.

"இது எதற்கு?" என்றான் அரசன்.

"வலியது மெலியதை வதைக்கக் கூடாது என்றீர்கள், அரசே. கோழி என்று சொல்லவில்லையே! கொல்லை வேலை முடிந்தது. இது சபைக்கு. அளவு பார்க்க, அமைச்சர் பெருமான் சற்று எழுந்து நின்றால் போதும்."

தலை போயிற்று என்றே அம்பலக்கூத்தன் நினைத்தான். அப்போது அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். வச்சிரநாதரை ஐந்து நாள் எல்லைக் கோட்டைக்கு அனுப்பினான்.

ஆறாம் நாள் அவர் திரும்பி வந்தார். சபையினர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அன்று அம்பலக்கூத்தன் ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தான்.