புற்றுக்குள் ஒரு குஸ்தி

காட்டெருமைகள் தண்ணீர் குடிக்க வரும் குளக்கரையில் சடையன், வெள்ளையன் என்று இரண்டு சாணி வண்டுகள் வாழ்ந்தார்கள். அண்ணன் தம்பிகள். வெள்ளையனும் கறுப்புதான்.

மூன்று நாள் பாடுபட்டு ஓர் உருண்டை சேர்த்திருந்தார்கள். சடையனின் மனைவி பூவாயி அதில்தான் முட்டையிட வேண்டும். மழைக்கு முன் அதைப் புதைக்க அவள் வளைக்குள் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளையன் அழகுக்காக உருண்டையில் ஒரு குன்றிமணியைப் பதித்து வாசலில் நிறுத்தினான்.

அப்போது நட்டுவாக்காலி என்ற கருந்தேள் வந்தான்.

"வெளியே சொல்லாதீங்க! என் புற்றுக்குள் குஸ்தி நடக்குது. ஜெயிச்சா ஒரு பெரிய உருண்டை!"

"அண்ணே, இதோட அதுவும் சேர்ந்தா மழைக்காலம் முழுக்கக் கால்மேல் கால் போட்டு உட்காரலாம்!"

"நமக்கு ஆறு காலாச்சேடா! எதன்மேல் எதைப் போடுறது?" என்று சிரித்தான் சடையன். கேலி பேசினானே தவிர, முதலில் கிளம்பியவன் அவன்தான்.

புற்றுக்குள் ஒரே இருட்டு. ஆளுக்கொரு செத்த ஈயை நட்டுவாக்காலியிடம் கொடுத்துவிட்டுச் சிள்வண்டுகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கொம்பு வண்டு.

வெள்ளையன் முழு பலத்தையும் திரட்டினான். பழக்கதோஷம், பின்பக்கமாக நடந்தான்!

"அடேய், எதிராளி அந்தப் பக்கம்!" என்று கூட்டம் சிரித்தது.

"திரும்பிக்கோடா! அவனையும் உருண்டைன்னு நினைச்சுத் தள்ளு!" என்று கத்தினான் சடையன்.

வெள்ளையன் தலையைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் உதைத்தான். கொம்பு வண்டு உருண்டே போனான்! வெள்ளையனின் ஒரு காலும் ஒடிந்தது.

பரிசு வந்தது. மேலெல்லாம் சேறு பூசிய உருண்டை. சகோதரர்கள் வழக்கம்போல் தலைகுனிந்து, பின்னால் தள்ளிக்கொண்டே வந்தார்கள். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது.

வாசலில் பூவாயி அழுதுகொண்டிருந்தாள்.

"நான் உள்ளே இருந்த நேரம் பார்த்து யாரோ நம்ம உருண்டையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க! நல்லவேளை, நீங்க ஒண்ணு ஜெயிச்சிட்டு வந்தீங்க!"

மழை சேற்றைக் கழுவியது. உருண்டையிலிருந்து குன்றிமணி சிவப்பாக எட்டிப் பார்த்தது.

பூவாயி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, ஜெயிச்சது நிஜந்தானே?"

"நிஜந்தான் பூவாயி. நம்ம உருண்டையை நாமே ஜெயிச்சிருக்கோம். ஒரு கால்தான் செலவு!" என்ற சடையன் தம்பியைப் பார்த்தான். "உட்காருடா, கால்மேல் கால் போடு. இப்ப உனக்கு அஞ்சுதான், சுலபம்!"

வெளியே ஜெயிக்கப் போகும் அவசரத்தில் வாசலில் இருப்பதைக் காவலின்றி விடுகிறவன், ஜெயித்தாலும் தன்னுடையதையே விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறான்.