ஈரக்கைக்கு எரியாத அடுப்பு

காட்டுக் குளக்கரையில் அல்லி என்ற நீர்நாயும் அவள் கணவன் மாதையனும் குடியிருந்தார்கள். அடைமழையில் அவர்களுடைய மூன்று குட்டிகளுக்கும் காய்ச்சல் கண்டது. பார்த்து அன்றைக்கே வீட்டு அடுப்பும் உடைந்துபோயிற்று.

மாதையன் மைனாவின் கடைக்கு ஓடினான். அங்கே இரண்டு கேஸ் அடுப்புகள் இருந்தன. ஒன்று கறுப்பாக, கனமாக, முன்னால் பெரிய திருகுகளோடு இருந்தது. மற்றொன்று வழவழவென்று கண்ணாடியாய் மின்னியது. அதில் திருகே இல்லை. விரலால் தொட்டால் போதும்.

"ஒரு தடவை பற்றவெச்சுப் பார்த்து எடுங்க," என்றது மைனா.

"பார்த்தாலே தெரியுதே. இவ்வளவு அழகா இருக்கிறது சமைக்கவும் சுலபமாத்தான் இருக்கும்."

கண்ணாடி அடுப்பு வீட்டுக்கு வந்தது. அல்லி கஞ்சிப் பானையை ஏற்றிவிட்டுத் தொட்டாள். அது 'கீங்' என்று கத்திவிட்டுச் சும்மா இருந்தது. அவள் கை ஈரம். நீர்நாயின் கை என்றைக்குக் காய்ந்திருக்கிறது? வயிற்றில் துடைத்தாள். வயிறும் ஈரம். புல்லில் துடைத்தாள். புல்லும் மழையில் ஊறிக் கிடந்தது. மறுபடியும் கீங்.

"உனக்குப் பழக்கமில்லை. அடுப்பைக் குறை சொல்லாதே," என்றான் மாதையன்.

"அப்ப நீங்களே பற்றவையுங்க."

அவன் தொட்டான். கீங். அழுத்தினான். கீங். "என் கைதான் சரியில்லை போல. அடுப்பு எவ்வளவு அழகா இருக்கு பாரு," என்றான்.

அல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடைக்குட்டி பசியில் முனகியது. அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு ஆமையின் அடுப்பில் கஞ்சி காய்ச்சி வந்தாள். குட்டிகள் குடித்துவிட்டுத் தூங்கின. ஆமையைக் காவலுக்கு வைத்துவிட்டு, கண்ணாடி அடுப்பைக் கணவன் தலையில் ஏற்றிக் கடைக்கு நடந்தாள்.

நீர் சொட்டும் கையாலேயே கறுப்பு அடுப்பின் திருகைத் திருப்பினாள். குப்பென்று நீலத் தீ பிடித்தது.

"இது வேணாமே," என்று இழுத்தான் மாதையன். "பார்த்தா, பற்றவைக்கவே வராது போலிருக்கு."

அல்லி எரிகிற தீயைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். "இதைக் கட்டிக் கொடுங்க," என்று மைனாவிடம் சொன்னாள்.

வீட்டுச் சாமானைக் கண்ணால் பார்த்து வாங்காமல், கையால் புழங்கிப் பார்த்தே வாங்க வேண்டும்.