பஞ்சவர்ணமும் ஐந்து மீன் தலைகளும்

கடலோர ஊர் ஒன்றில், குமுதவல்லியின் வீட்டில், பஞ்சவர்ணம் என்று ஒரு பூனை இருந்தது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நிறம்தான் அதன் உடம்பில். குமுதவல்லி தாராள மனசுக்காரி, இரண்டைக் கூட்டியே பெயர் வைத்துவிட்டாள்.

பஞ்சவர்ணத்துக்கு ஒரே குட்டி. பெயர் உருண்டை. உருண்டைக்குப் பயம் என்பதே கிடையாது. புத்தியும் அவ்வளவாகக் கிடையாது. எது அசைந்தாலும் பாயும், எது கிடைத்தாலும் வாயில் போடும். போன வாரம் சுவரிலிருந்து விழுந்த ஒரு பல்லியை லபக்கென்று விழுங்கிவிட்டது. மூன்று நாள் ஓயாத வாந்தி. பால் கூட உள்ளே இறங்கவில்லை. குமுதவல்லி அதைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "பல்லி வயித்துல புழு இருக்குமாம். அது பூனைக்கு ஈரலைக் கெடுத்துடுமாம். இந்தத் தடவை தப்பிச்சிடுச்சு, இன்னொரு பல்லி உள்ள போனா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு!"

அடுப்படியில் படுத்திருந்த பஞ்சவர்ணத்தின் காதில் இது விழுந்தது. உருண்டையை இழுத்து வைத்து நக்கோ நக்கென்று நக்கியது. பிறகு விருட்டென்று எழுந்து கூடத்துக்குப் போனது.

கூடத்து டியூப்லைட்டுக்குப் பின்னால் உத்தரநாதன் என்ற பல்லி குடியிருந்தது. அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதையே தனி. குமுதவல்லி ஏதாவது பேசும்போது அது சத்தம் கொடுத்தால் போதும். "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று விரலால் தரையைத் தட்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் பல்லி மேல் துடைப்பத்தை ஓங்குவாளா?

"யோவ் உத்தரநாதா! உன் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு மரியாதையா வெளிய போ!"

"நான் ஏன் போகணும்? இந்த வீட்ல என் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு உன் சொல்லுக்கு இருக்கா? டிக், டிக், டிக்!"

அதே நேரம் குமுதவல்லி போனில் யாரிடமோ, "இந்த வருஷம் மகளுக்கு வேலை கிடைச்சிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பல்லிச் சத்தம் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

பஞ்சவர்ணத்துக்கே ஆச்சரியமாகிவிட்டது. "அவ மகளுக்கு வேலை கிடைக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? என் சம்சாரத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன்!"

பஞ்சவர்ணத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பீரோ மேல் தாவி, அங்கிருந்து சுவரில் பாய்ந்து, நகத்தால் ஒரு வீசு வீசியது. உத்தரநாதன் தப்பிவிட்டது. வால் மட்டும் அறுந்து, துள்ளித் துள்ளிக் கீழே விழுந்தது. எங்கே விழுந்தது? உருண்டையின் மூக்குக்கு நேராக!

"ஹை! அம்மா, இது டான்ஸ் ஆடுது!" என்று உருண்டை வாயைத் திறந்தது.

பஞ்சவர்ணம் பீரோவிலிருந்து குதித்த குதியில் அதற்குக் காலே சுளுக்கிக்கொண்டது. வாலைக் காலுக்கடியில் போட்டு அமுக்கிய பிறகுதான் மூச்சே வந்தது. மறுநாள் பார்த்தால், உருண்டை திரைச்சீலையைப் பிடித்துச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

"இறங்குடா! என்ன பண்றே?"

"நேத்து நீ பண்ணினதைத்தான்!"

இது சரிப்படாது என்று பஞ்சவர்ணம் மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கையிடம் யோசனை கேட்டது. காக்கைக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது, அதைக் கேட்டால்.

"இதெல்லாம் ஒரு விஷயமாக்கா? முட்டை ஓட்டை அலமாரியில வை. வாடைக்கே பல்லி ஓடிடும்!"

பஞ்சவர்ணம் குப்பையிலிருந்து முட்டை ஓட்டைக் கவ்விக்கொண்டு வந்து வைத்தது. உத்தரநாதன் அதற்குள் புகுந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டது. "அப்படின்னா மயிலிறகு!" என்றது காக்கை. சாமிப் படத்தில் சொருகியிருந்த மயிலிறகை இழுத்து வந்து சுவரோரம் சாய்த்தது பஞ்சவர்ணம். காற்றில் அது ஆட, உருண்டை அதன்மேல் பாய்ந்து சாமிப் படத்தில் போய் மோத, இறகும் போச்சு, சாமிப் படத்துக் கண்ணாடியும் போச்சு. பல்லிகள் உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. முன்பு இரண்டு இருந்த இடத்தில் இப்போது ஏழு!

பஞ்சவர்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வீம்பை விட்டுவிட்டு டியூப்லைட்டின் கீழே போய் நின்றது.

"அண்ணே, எனக்கு இருக்கிறது ஒத்தைப் பிள்ளை. அது கண்ணுல நீங்க பட்டாலே எனக்குப் பகீர்ங்குது. தயவு பண்ணிப் போயிடுங்கண்ணே!"

உத்தரநாதன் அறுந்த வாலோடு சற்று இறங்கி வந்தது. "தாயி, உன் பிள்ளை முழுங்கினது என் சித்தப்பா மகனை. எங்க வீட்லயும் சாவுதான். எங்களுக்கு மட்டும் இங்க இருக்க ஆசையா? சோறு போட்டுக் கூப்பிட்டா வராம என்ன செய்வோம்?"

"யாரு சோறு போட்டது?"

"நீதான்! அரிசி டின்னுக்குப் பின்னால போய்ப் பாரு!"

பஞ்சவர்ணத்துக்குத் திக்கென்றது. அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பது அதன் சொந்த ரகசியம் அல்லவா!

குமுதவல்லி வீட்டுக்கு வருவதற்கு முன் பஞ்சவர்ணம் மீன் மார்க்கெட்டில் பட்டினி கிடந்து அடிபட்ட பூனை. இப்போது நாள்தோறும் சாப்பாடு கிடைத்தாலும், நாளைக்கு இல்லாமல் போனால் பிள்ளைக்கு என்ன செய்வது என்ற பயம் போகவில்லை. மீன் வாங்கும் நாளெல்லாம் தனக்கு விழும் தலையைத் தின்னாமல் அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தது. அப்படிச் சேர்ந்தவை ஐந்து தலைகள்.

டின்னுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. மீன் தலை எங்கே தெரிந்தது? ஈயும் கரப்பானும் எறும்பும்தான் தெரிந்தன. அவற்றை நாக்கை நீட்டி நீட்டி ஒரு பல்லி ருசித்துக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்விட்டது.

பிள்ளைக்கென்று சேர்த்ததுதான் பிள்ளைக்கு எமனாக வந்து நிற்கிறது. ஆனாலும் பஞ்சவர்ணத்துக்கு அந்த ஐந்து தலைகளை விட மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது. அதற்குள் கூடத்திலிருந்து, "அம்மா, இங்க ஒரு பல்லி!" என்று உருண்டையின் குரல் குதூகலமாகக் கேட்டது.

அவ்வளவுதான்! ஓடிப்போய் உருண்டையின் பிடரியைக் கவ்விக் கூடையில் போட்டது. திரும்பி வந்து ஒவ்வொரு தலையாக இழுத்துக்கொண்டு போய் மதிலடியில் போட்டது.

காக்கை பறந்து வந்தது. "என்னக்கா, என் யோசனைக்குக் கூலியா?"

"உன் யோசனைக்குக் கூலின்னா கல்லுதான் கிடைக்கும்! பேசாம தின்னுட்டுப் போ!"

இழுத்துப் போன தடத்தைப் பார்த்துக் குமுதவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி! ஒரு வாரமா என்ன நாத்தம்னு தேடிக்கிட்டிருந்தேன்!" டின்னை நகர்த்திவிட்டு மூலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

இரண்டே நாளில் ஈ இல்லை, கரப்பான் இல்லை. மூன்றாம் நாள் பல்லிகள் மூட்டை கட்டின. கடைசியாக உத்தரநாதன் ஜன்னலருகே நின்றது. "தெருவிளக்குக் கம்பத்துல பூச்சி ஏராளமாம் தாயி. உன் பிள்ளையைப் பத்திரமா பாத்துக்கோ!"

"நீங்களும் பாத்துப் போங்கண்ணே. வாலு சீக்கிரம் வளரட்டும்!"

அன்று சாயங்காலம் உருண்டை ஒரு கிண்ணம் பாலைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் நக்கியது. குமுதவல்லி அதன் வயிற்றைத் தடவி, "இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாதுடா செல்லம்" என்றாள். உடனே வாசல் பக்கக் கம்பத்திலிருந்து "டிக், டிக், டிக்!" என்று சத்தம் வந்தது.

உத்தரநாதன் தன் சம்சாரத்தைச் சாப்பிடக் கூப்பிடுகிறது என்பது பஞ்சவர்ணத்துக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்னங்காலால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

வேண்டாத விருந்தாளியை விரட்டக் கோலைத் தேடுவதற்கு முன்னால், அவனுக்கு இலை போட்டது யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.