உப்பு வியாபாரி கட்டிய வல்லூறு வீடு

"வீடு கட்டி முடிச்சாச்சு. பறவையை எப்பம்மா தருவிய?" என்று கேட்டார் செண்டலங்காரம்.

அரியநாச்சியின் தோல் கையுறையில் வல்லூறு உட்கார்ந்திருந்தது. அதற்கு இறைச்சியைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மலையடிவாரத்தில் வல்லூறு பழக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். செண்டலங்காரம் உப்பு வியாபாரி, அவளைவிட மிகவும் மூத்தவர். இருந்தும் அவளிடம் போய் மாணவராகச் சேர்ந்தார். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு வல்லூறு தன் கையில் வந்து உட்கார வேண்டும், அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

"மழை இறங்குததுக்குள்ள உங்க புறவாசல்ல அதுக்கு இடம் தயாராகணும் அண்ணாச்சி," என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "இல்லன்னா மலையில கொண்டு விட்டுருவேன். மழைக்காலத்துல என் குடிசையில என் பறவையோட இன்னொண்ணுக்கு இடம் கிடையாது."

மலைக்குப் பின்னால் மேகம் கூட ஆரம்பித்திருந்தது.

"வாங்க, பாப்போம்," என்றாள்.

புறவாசலில் ஒரு குட்டி அரண்மனையே நின்றது. கடைந்த தேக்குத் தூண், பித்தளை மணி, கம்பி சன்னல், பறவை குளிக்க வெண்கல உருளி. புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் தாராளமாகக் குடிவைக்கலாம்.

அரியநாச்சி கொண்டையில் செருகியிருந்த இறகை எடுத்தாள். சன்னல் கம்பிகளுக்கு நடுவே விட்டு மேலே இழுத்தாள். இறகு ஒடிந்தது.

"கம்பியைப் படுக்கப் போட்டிருக்கிய. நெட்டுக்கு நிறுத்துங்க."

தூணின் உச்சியில் பறவை உட்காரும் இடத்தைத் தடவினாள். கை வழுக்கிக்கொண்டு போனது.

"இதுல நின்னா காலு புண்ணாயிரும். கயிறு சுத்துங்க."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

செண்டலங்காரம் கம்பியைத் திருப்பினார். தென்னங்கயிறு சுற்றினார். மறுபடி ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

அவள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஆகலை."

"என்ன குறைன்னு சொன்னாத்தானம்மா தெரியும்?"

"என்கிட்ட எதுக்குக் கேக்கிய? குடியிருக்கப்போற ஆளுகிட்ட கேளுங்க."

"பறவைகிட்டயா?"

அவள் குனிந்தாள். வல்லூற்றின் காலுக்கென்று வைத்திருந்த தோல் வாரை எடுத்து அவர் கணுக்காலில் கட்டினாள். மறுமுனையைத் தூணில் கட்டினாள்.

"பொழுது சாயுத வரைக்கும் நீங்கதான் வல்லூறு."

"வீட்டுக்காரி பாத்தா என்னம்மா நினைப்பா?"

"அவங்க ஏற்கெனவே நினைச்சாச்சு," என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. சுவர் அடியில் கீரிப்பிள்ளை நுழையும் அளவுக்கு ஓட்டை இருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். அடுப்படிப் புகை நேராக முகத்துக்கு வந்தது. பறவை எந்நேரமும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பக்கம் பார்க்கத் தூணை நட்டிருந்தார். வானம் தெரிந்தால் ஏங்கிப்போகும் என்று மலைப் பக்கத்தை ஓலைத் தட்டியால் அடைத்திருந்தார். ஆகவே பகல் முழுவதும் கொடியில் காய்ந்த தன் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தட்டிக்குப் பின்னால், உயரத்தில் ஒரு பறவையின் குரல் கேட்டது.

தட்டி இடுக்கில் கண்ணை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடினார். காலில் கட்டு இருப்பதை மறந்தே போனார்.

வார் சுண்டியது. நிலைப்படிக்கு வெளியே தலைகுப்புற விழுந்தார்.

விழுந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மலைக்கு மேலே கருமேகம். அதன் முன்னால் ஒரு காட்டு வல்லூறு. சிறகை அசைக்கவில்லை, சும்மா ஏறிக்கொண்டே போனது. சாயும் வெயில் அதன் அடிவயிற்றில் பட்டு மின்னியது. இத்தனை வருஷம் இதே வானத்தின் கீழ்தான் உப்பு விற்றிருக்கிறார். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. கண்ணில் நீர் வந்தது, வலியால் அல்ல.

அரியநாச்சி வந்து கட்டை அவிழ்த்தாள்.

"அடி பலமா அண்ணாச்சி?"

"மேகத்துக்குள்ள போயிட்டும்மா," என்றார் அவர்.

முதல் துளி அவர் முதுகில் விழுந்தது.

"மழை இறங்கிட்டு," என்றாள் அவள்.

அவர் கடப்பாரையை எடுத்தார். தேக்குத் தூணைப் பெயர்த்தார். ஓலைத் தட்டியைப் பிரித்து எறிந்தார். சன்னல் கம்பிகளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நெட்டுக்கு நிறுத்தி, அவற்றின் அருகே, கூரைக்குள் மலையைப் பார்க்கத் தூணை நட்டார். கீரி ஓட்டையையும் பழைய சன்னலையும் கல் வைத்து அடைத்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இங்க நட்டா உங்க வீடு அதுக்குத் தெரியாதே. உங்களையும் தெரியாது."

"தெரியாட்டி என்னம்மா? மலை தெரியுதுல்லா."

அவள் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

சொன்ன கெடு முடிந்தது. பறவையை மலையில் விடத்தான் போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாய்விட்டே அழுதார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அரியநாச்சி புறவாசலில் நின்றாள். அவள் கையில் வல்லூறு.

"வலது கையை நீட்டுங்க."

கையுறையை மாட்டிவிட்டாள். வல்லூறு ஒரு கணம் யோசித்தது. பிறகு காலெடுத்து அவர் கைக்கு மாறியது.

ஓர் ஆழாக்கு உப்பின் கனம்தான். மூட்டை மூட்டையாகத் தூக்கிய கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டார்.

மெல்ல நடந்து போய்த் தூணில் விட்டார். வாரைக் கட்டினார்.

வல்லூறு உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்த மலையைப் பார்த்தது. அவர் பக்கம் திரும்பவே இல்லை.

செண்டலங்காரம் கோவிலில் நிற்பவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப நான் எங்கம்மா நிக்கணும்?"

"அதுக்குப் பின்னால," என்றாள் அரியநாச்சி. "அது பாக்குத பக்கம் பாத்துக்கிட்டு."